கானவாகே: ஒரு தாய்வழி ஊர்

மாண்ட்ரியல் தமிழர்களின் முருகன் கோயில் இருக்கும் புறநகருக்கு டொலார்-தே-சோர்மோ என்று பெயர். 1660ஆம் ஆண்டு ஒட்டாவா ஆற்றங்கரையில் லாங் சோ என்ற இடத்தில் இரோக்குவாப் படையோடு மோதி, பதினாறு பிரெஞ்சுத் தோழர்களோடும் பழங்குடிக் கூட்டாளிகளோடும் மடிந்த இளைஞன் ஆடம் டொலாரின் பெயர் அது. நகரத்தைக் காத்த வீரன் என்று கியூபெக் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் அவனைக் கொண்டாடின. யாரிடமிருந்து காத்தான் என்று கேட்டுக்கொண்டு போனால், பாதை தென்கரைக்கு இறங்கி ஆற்றைக் கடந்து கானவாகே என்ற ஊரில் போய் நிற்கிறது. அன்றைய எதிரிப் படையின் வழித்தோன்றல்கள் சுமார் 8,000 பேர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். இரோக்குவா நாடுகளில் ஒன்றான அவர்களை உலகம் மொஹாக் என்கிறது. அவர்கள் தங்களைக் கன்யென்கெஹாக, அதாவது சிக்கிமுக்கிக் கல்லின் மக்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பு மாண்ட்ரியல் தீவு காலியாகக் கிடக்கவில்லை. 1535இல் ழாக் கார்த்தியே வந்தபோது மலையடிவாரத்தில் மரவேலி சூழ்ந்த ஹோச்சலாகா என்ற பெரிய ஊர் இருந்தது. சுற்றிலும் சோளக் கொல்லைகள். 1603இல் ஷாம்ப்லேன் வந்து பார்த்தபோது அந்த ஊர் இல்லை. நோயா, போரா, அந்த மக்கள் யாருடைய முன்னோர் என்பதில் அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. மொஹாக் மக்களுக்கு அதில் ஐயம் கிடையாது. தீவு அவர்களுக்குத் தியோத்யாகே. 1642இல் எழுந்த வில்-மரி குடியேற்றம் அறுபது ஆண்டுகள் அவர்களோடு சண்டையிட்டுக் களைத்து, 1701 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஏறத்தாழ நாற்பது பழங்குடி நாடுகளோடு உடன்படிக்கை செய்தது. ஒவ்வொரு தலைவரும் தம் குலத்தின் விலங்கையோ மரத்தையோ வரைந்து ஒப்பமிட்டார். அண்மைக் காலத்தில் நகரம் இதையெல்லாம் நினைவுகூரத் தொடங்கியிருக்கிறது. 2017இல் மாண்ட்ரியல் கொடியின் நடுவில் அமைதி மரமான வெண்பைன் சேர்ந்தது. பழங்குடிகளிடம் அம்மைக் கம்பளங்களைப் பரப்பும் யோசனையை ஆதரித்த தளபதி அம்ஹர்ஸ்ட்டின் பெயரில் இருந்த வீதி, 2019இல் அதடேகென் ஆயிற்று. உடன்பிறப்புகள் என்று பொருள்.

என்னைக் கானவாகேக்கு அழைத்துப் போனவர் மட்டக்களப்பிலிருந்து வந்து, கோட்-தே-நேஜ் பகுதியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஓர் அக்கா. அந்த ஊரை அவரைப் போல வேறு யாராலும் எனக்குப் புரியவைத்திருக்க முடியாது. மெர்சியே பாலத்தில் கார் ஏறியதும் கீழே பேராறு விரிகிறது. லஷீன் பாய்நீரின் வெள்ளை நுரை கிழக்கே தெரிகிறது. கானவாகே என்றாலே பாய்நீரின் ஓரம்தான். பாலம் இறங்கியவுடன் 138ஆம் நெடுஞ்சாலையின் இருபுறமும் சிகரெட் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் வரிசை கட்டுகின்றன. நகரத்து மக்கள் பெரும்பாலோர் பார்த்திருக்கும் கானவாகே இவ்வளவுதான். மலிவான புகையிலை, மலிவான பெட்ரோல், திரும்பவும் பாலம். உள்வீதிக்குள் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது நிறுத்தப் பலகை. கியூபெக் முழுக்க பிரெஞ்சில் 'அரே' என்றிருக்கும் சிவப்பு எண்கோணத்தில் இங்கே 'தேஸ்தான்' என்று எழுதியிருக்கிறது. ஒரு மொழிக்குத் தன் ஊர் வீதியில் வண்டியை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது என்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயம் ஆற்றங்கரையில் நிற்கிறது என்றுதான் பழைய படங்கள் காட்டுகின்றன. இப்போது அதன் பின்னால் இருப்பது கப்பல் கால்வாய். 1950களில் புனித லாரன்ஸ் கடல்வழி வெட்டப்பட்டபோது கானவாகேயிடமிருந்து 1,200 ஏக்கருக்கும் அதிகமான நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1959இல் எலிசபெத் அரசியும் ஐசன்ஹோவரும் அதைத் திறந்துவைத்தார்கள். மீன்பிடித்த கரை, நீந்திய துறை, துணி துவைத்த கல், எல்லாம் போயின. பெயரிலேயே பாய்நீரை வைத்திருக்கும் ஊருக்கும் பாய்நீருக்கும் நடுவே இன்று அசையாத பச்சைத் தண்ணீரும் கான்கிரீட் சுவரும்தான். ஆழப்படுத்தி அள்ளிய மண்ணைக் கொட்டிய இடம் ஒரு தீவாக நிற்கிறது. அதற்குத் தெகாக்வித்தா தீவு என்று பெயர்.

அந்தப் பெயருக்கு உரியவள் தேவாலயத்துக்குள் வெண்பளிங்குக் கல்லறையில் இருக்கிறாள். காத்தரி தெகாக்வித்தா 1656இல் இன்றைய நியூயார்க் மாநிலத்து மொஹாக் ஊர் ஒன்றில் பிறந்தாள். நான்கு வயதில் அம்மை தாயையும் தந்தையையும் தம்பியையும் கொண்டுபோனது. அவளுக்கு மிஞ்சியது தழும்பேறிய முகமும் மங்கிய பார்வையும். 1676இல் திருமுழுக்குப் பெற்று, மறு ஆண்டு உறவினரின் பகைக்குத் தப்பி இந்தக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்து, 1680இல் இருபத்து நான்கு வயதில் இறந்தாள். 2012இல் பதினாறாம் பெனடிக்ட் அவளைப் புனிதராக அறிவித்தார். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையும் மதம் மாறியதற்காகச் சொந்த மக்களால் ஒதுக்கப்பட்டவர்தான். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 2022இல். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. கானவாகேயில் எல்லோரும் காத்தரியை நெருக்கமாக உணர்வதில்லை. 1920களில் இங்கே நீள்வீடு என்ற மரபு மனையில் நடக்கும் பழைய வழிபாடு மீண்டும் தழைத்தது. அந்த வழியில் வளர்ந்தவர்களுக்குத் தேவாலயம் என்பது மொழியையும் சடங்கையும் ஒடுக்கிய ஆட்சியின் இன்னொரு கை. கல்லறைக்கு அருகே மெழுகுவத்தி ஏற்றும் மூதாட்டியும் நீள்வீட்டுக்குப் போகும் அவர் பேத்தியும் ஒரே வீட்டில் இருக்க முடியும். மதம் பிரிந்தாலும் குலம் பிரியாது. ஏன் என்றால் குலம் தாயிடமிருந்து வருகிறது.

இங்கே கரடி, ஓநாய், ஆமை என்று மூன்று குலங்கள். பிள்ளை தாயின் குலம். ஒரே குலத்துக்குள் திருமணம் கிடையாது. குலத் தாய்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பாள். அவர் வழிதவறினால் எச்சரித்து, அதன் பிறகும் திருந்தாவிட்டால் பதவியைக் குறிக்கும் மான்கொம்பைப் பறிப்பவளும் அவளே. இதைப் பண்பாட்டு மையத்தில் ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இது எங்கட குடி மாதிரியெல்லா கிடக்கு. எங்கட ஊரிலயும் புள்ளைக்குத் தாய்ர குடிதான். ஒரே குடிக்குள்ள கலியாணம் கட்ட ஏலாது. கோயில் வண்ணக்கர் பதவி போறதும் வயித்துவார் பார்த்துத்தான்."

மட்டக்களப்புக்காரர்களுக்கு வயிற்றுவார் என்பது புத்தகச் சொல் அல்ல. கோயில் முறையிலும் முதுசொத்திலும் இன்னும் வாழும் கணக்கு அது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து வந்த எனக்கு விளக்கம் தேவைப்பட்ட ஒன்றை, அந்த மொஹாக் பெண்ணும் மட்டக்களப்பு அக்காவும் ஆங்கிலத்தில் நாலு வாக்கியத்தில் ஒருவருக்கொருவர் ஒப்பிட்டு முடித்துவிட்டார்கள். அப்போதுதான் இந்த ஊரின் வரலாற்றைத் தாய்வழியாகத் தொடுத்துப் பார்த்தால் விளங்கும் என்று எனக்குத் தோன்றியது.

1704 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரரும் அவர்களுடைய பழங்குடிக் கூட்டாளிகளும் மாசசூசெட்ஸின் டியர்ஃபீல்டைத் தாக்கியபோது பாதிரியார் ஜான் வில்லியம்ஸின் மகள் யூனிஸைச் சிறைபிடித்து இங்கே கொண்டுவந்தார்கள். ஏழு வயதுச் சிறுமி. மகளை இழந்த ஒரு தாய் அவளைத் தத்தெடுத்தாள் என்கிறார்கள். சில ஆண்டுகளில் ஆங்கிலம் மறந்தது. மொஹாக்காரர் ஒருவரை மணந்தாள். தந்தை நேரில் வந்து மன்றாடியும் திரும்பிப் போக மறுத்தாள். 1785இல் ஏறக்குறைய தொண்ணூறு வயதில் கானவாகேயிலேயே மறைந்தாள். ஒரு காலத்தில் இந்த ஊரின் மொழிக்கு, ஆங்கிலக் குழந்தையை முழுதாகத் தன் குழந்தையாக்கிக்கொள்ளும் வலு இருந்தது. இரும்பு வேலியாலும் சட்டத்தாலும் நடந்தது அல்ல அது. ஒரு தாய் வீட்டின் அன்றாடத்தால் நடந்தது.

கனடா அரசு 1876இல் கொண்டுவந்த இந்தியர் சட்டம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. வெளியார் ஒருவரை மணந்த பழங்குடிப் பெண் தன் தகுதியை, ஊரில் வாழும் உரிமையை, அங்கே அடக்கம் பெறும் உரிமையைக்கூட இழந்தாள். வெள்ளைக்காரியை மணந்த ஆணுக்கு எந்த இழப்பும் இல்லை. அவன் மனைவிக்குத் தகுதி கிடைத்தது. ஆயிரம் ஆண்டு தாய்வழியை ஒரு சட்டப் பிரிவு தந்தைவழியாக்கிவிட்டது. கானவாகேயின் மேரி டூ-ஆக்ஸ் எர்லி இதை எதிர்த்து 1960கள் முதல் கடிதம் எழுதினார், மனு கொடுத்தார், ஒட்டாவாவுக்குப் போய்ப் பேசினார். சொந்த ஊரிலேயே எதிர்ப்பு இருந்தது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டபோது தகுதியைத் திரும்பப் பெற்ற முதல் பெண் அவர்தான். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. 1996இல் மறைந்தார். யார் ஊரில் உறுப்பினர் என்ற வழக்கு கானவாகேயில் இன்றும் சூடாகத்தான் இருக்கிறது. சட்டம் மாறினாலும் அது நூறாண்டில் ஏற்படுத்திய பிளவு எளிதில் மூடாது.

மதியம் சோள ரொட்டி சாப்பிட்டோம். ஞாயிறு காலை உணவாக இறைச்சித் துண்டோடும் குழம்போடும் இங்கே வீட்டுக்கு வீடு அதுதான். காய்ந்த வெள்ளைச் சோளத்தைக் கட்டைச் சாம்பலோடு வேகவைத்துத் தோலைக் கழற்றி, கழுவி, மாவாக்கி, சிவப்பு மொச்சையைச் சேர்த்துக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, வட்டமாகத் தட்டிக் கொதிக்கும் பானையில் போடுகிறார்கள். வெந்ததும் மேலே மிதந்து வரும். கையில் எடுத்தால் நம் காரக் கொழுக்கட்டையின் கனமும் வழவழப்பும்தான். வாயில் போட்டால் சாம்பலின் மெல்லிய மணம். சோளம், மொச்சை, பூசணி மூன்றையும் மூன்று சகோதரிகள் என்பார்கள். ஒரே மேட்டில் சேர்த்து விதைப்பது வழக்கம். சோளத்தண்டில் மொச்சை ஏறும். மொச்சையின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும்.

அந்தச் சகோதரிகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கும் கதை இருக்கிறது. ஆதியில் எங்கும் நீர். வானுலகில் ஒரு பெருமரம் பெயர்ந்த ஓட்டை வழியாகக் கர்ப்பிணி ஒருத்தி விழுகிறாள். நீர்ப்பறவைகள் சிறகு கோத்து அவளைத் தாங்குகின்றன. ஆமை தன் முதுகைக் கொடுக்கிறது. கால் ஊன்ற மண் வேண்டுமே! நீர்நாயும் நீரெலியும் இன்னும் சிலவும் மூழ்கிப் பார்க்கின்றன. எந்த விலங்கு கடைசியில் மண்ணோடு வந்தது என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். நான் கேட்ட கதையில் சிறிய கஸ்தூரி எலி, மூச்சடங்கி மிதந்து வருகிறது. அதன் மூடிய கையில் ஒரு சிட்டிகைச் சேறு. வான்மகள் அதை ஆமை முதுகில் வைத்து வட்டமாக நடக்க, நடக்க, நிலம் விரிகிறது. பின்பு அவள் மகள் இரட்டையரைப் பெறும்போது இறந்துபோகிறாள். அவளைப் புதைத்த மண்ணிலிருந்து முளைத்தவைதான் சோளமும் மொச்சையும் பூசணியும். நம் பக்கத்தில் கடலடியிலிருந்து பூமியைத் தூக்கி வந்தது திருமாலின் வராகம். மலையைத் தாங்கிய ஆமையும் அவரே. அங்கே இறைவன் பேருருவம் எடுக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு சிற்றெலி தன் உயிரைக் கொடுத்தது போதுமானதாக இருந்தது. எனக்கு இந்தக் கதை அதிகம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இறந்தவர்களை ஊர் மறப்பதில்லை. 1886இல் கனடியன் பசிபிக் ரயில்பாதை ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டியபோது, நிலத்தைக் கொடுத்ததற்கு ஈடாக ஊர் ஆண்களுக்கு வேலை கிடைத்தது. உயரத்தில் இரும்பு கோக்கும் தொழில் அப்படித்தான் குலத்தொழிலைப் போல ஆயிற்று. 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டுமானத்தில் இருந்த கியூபெக் பாலம் சரிந்ததில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகேக்காரர்கள். சிற்றூரில் ஒரே மாலையில் அத்தனை கைம்பெண்கள். இனி எல்லா ஆண்களும் ஒரே வேலைத்தளத்துக்குப் போகக் கூடாது என்று பெண்கள் விதித்தார்கள் என்பது ஊர் வழக்கு. அதன் பிறகு ஆண்கள் பல குழுக்களாகப் பிரிந்து போனார்கள். நியூயார்க்கின் வானளாவிகளில் அவர்கள் கை படாதவை குறைவு. புரூக்ளினில் அவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த தெருக்களுக்குச் 'சின்னக் கானவாகே' என்றே பெயர் இருந்தது.

1990 கோடையைப் பற்றி அக்கா தானாகவே பேசினார். அவர் வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. தொலைக்காட்சியில் மணல் மூட்டைகளையும் ராணுவத்தையும் பார்த்து, விட்டு வந்த சண்டை பின்னாலேயே வந்துவிட்டதோ என்று பயந்தாராம். ஓகா என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்தை விரிவாக்க, கானெசதாகே மொஹாக் மக்களின் பைன் தோப்பையும் இடுகாட்டையும் தொடத் துணிந்ததில் மூண்டது அது. ஜூலை 11 அன்று போலீஸ் தாக்குதலில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். கானவாகேக்காரர்கள் ஆதரவாக மெர்சியே பாலத்தை அடைத்தார்கள். ஓகா முற்றுகை 78 நாள் நீடித்தது. ஆகஸ்ட் 28 அன்று ராணுவத்துக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பிய பெண்கள், முதியவர்கள், குழந்தைகளின் கார் வரிசை மீது பாலத்துக்கு அப்பால் கூடிய கும்பல் கல்லெறிந்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அலனிஸ் ஒபோம்சாவின் எடுத்த ஆவணப்படத்தில் கண்ணாடி நொறுங்கும் ஒலியைக் கேட்டால் வயிறு பிசையும். முற்றுகையின் கடைசி நாளில், நான்கு வயதுத் தங்கையை அணைத்துக்கொண்டு வெளியேறிய பதினான்கு வயது வானீக் ஹார்ன்-மில்லரின் நெஞ்சில் சிப்பாயின் துப்பாக்கிக் கத்தி பாய்ந்தது. பிழைத்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கனடாவின் நீர்ப்போலோ அணிக்கு இணைத் தலைவியானார்.

முற்றுகைக்கு மறு ஆண்டு ஜூலையில் கானவாகே தொடங்கிய பவ்வவ் விழா, தெகாக்வித்தா தீவில் ஆண்டுதோறும் நடக்கிறது. கல்லெறிந்த நகரத்தையும் உள்ளே வரவேற்று ஆடிக் காட்டிய அந்த முடிவு எனக்குப் பெரியதாகப் படுகிறது. நாங்கள் போனதும் அந்த நேரம்தான். கழுகிறகுக் கோல் முன்னே வர, போர்வீரர் கொடிகள் தொடர, எல்லோரும் எழுந்து நிற்க, ஆட்டக்களத்துக்குள் ஊர்வலம் நுழைந்தது. பெரிய முரசைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் அமர்ந்து ஒரே வீச்சில் அடித்துப் பாடுகிறார்கள். சலங்கை ஆடை அணிந்த பெண்கள் ஆடும்போது, துணியில் வரிசையாகத் தைத்த தகரக் கூம்புகள் ஒன்றோடொன்று உரசி மழை பெய்வது போன்ற ஓசை எழும்புகிறது. இந்த ஆட்டங்களில் பல மேற்குச் சமவெளிப் பழங்குடிகளுடையவை. மொஹாக் உள்ளிட்ட இரோக்குவா மக்களுக்கே உரியது சிறிய நீர்முரசுக்கும் கொம்புக் கிலுகிலுப்பைக்கும் ஆடும் வேகமான புகையாட்டம். அதற்கு மட்டும் கூட்டத்தின் ஆரவாரம் இரட்டிப்பாயிற்று.

பவ்வவ் எல்லோருக்குமானது. அவர்களுடைய ஆண்டுச் சுற்று நீள்வீட்டுக்குள் நடக்கிறது, அது பார்வையாளர்களுக்கு அல்ல. நடுக்குளிர்கால விழா, மேப்பிள் சாறு இறங்கும் விழா, இடிமுழக்கத்தை வரவேற்கும் விழா, விதைப்பு, ஜூனில் ஸ்ட்ராபெரி, பிறகு பச்சைச் சோளம், அறுவடை. எதைத் தொடங்கினாலும் முதலில் நன்றியுரை. மனிதரில் தொடங்கி, நிலம், நீர், மீன், செடி, மூலிகை, விலங்கு, மரம், பறவை, நான்கு காற்று, இடி, சூரியன், பாட்டி நிலா, விண்மீன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி கூறி, நம் மனம் ஒன்றாயிற்று என்று முடித்து, அடுத்ததற்குப் போவார்கள். பள்ளியிலும் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. நாம் கதிரவனுக்கும் மாட்டுக்கும் தையில் ஒருமுறை நன்றி சொல்கிறோம். இவர்கள் காலைதோறும் சொல்கிறார்கள்.

அந்த உரையைக் கேட்கும்போது சொல்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உதடுகள் ஒருமுறைகூட ஒட்டவில்லை. இந்த மொழியில் ப, ம ஒலிகளே இல்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தாய் அவர்களுக்கு இஸ்தா. மொஹாக் என்ற பெயரையே அவர்கள் மொழியில் உச்சரிக்க முடியாது. அது பகைவர் வைத்த பெயர். நம் பக்கத்தில் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் உதடு ஒட்டாமல் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடியதைப் புலமையின் உச்சமாகச் சொல்வோம். திருக்குறளில் துறவு அதிகாரத்தின் முதல் குறளைச் சொல்லிப் பார்த்து வியப்போம். இங்கே அது குழந்தையின் மழலை.

மழலை நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது என்பதுதான் கவலை. இன்று மொஹாக் மொழி பேசுவோர் எல்லா ஊர்களையும் சேர்த்துச் சில ஆயிரம் பேர்தான். 1977இல் கியூபெக் பிரெஞ்சு மொழிச் சட்டம் கொண்டுவந்த பிறகு, எங்கள் பிள்ளைகளின் மொழியை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம் என்று கானவாகே மாணவர்கள் பள்ளியை விட்டு வெளிநடந்தார்கள். 1978இல் ஊரே தன் பள்ளியைத் தொடங்கி அதற்குப் பிழைத்திருத்தல் பள்ளி என்று பெயரிட்டது. அதே ஆண்டு பண்பாட்டு மையமும் எழுந்தது. பிறகு மழலையர்க்கு முழுக்க மொஹாக் மொழியிலேயே பாடம். நியூசிலாந்தில் மாவோரிப் பாட்டிகள் 1982இல் தொடங்கிய மொழிக்கூடு முறையும் இங்கே வந்தது. பாட்டியும் கரடியும் பேசிக்கொள்ளும் பொம்மலாட்டத் தொடரை மையமே தயாரித்து ஒளிபரப்பியது.

ஆனாலும் பிள்ளைகள் பள்ளியில் கற்று வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலத்துக்குத் திரும்பினார்கள். நடுத்தலைமுறை ஊமையாக இருந்தது. பாட்டி பேசுவது புரியும், பதில் வராது. அதனால் 2002இல் பெரியவர்களுக்கென்றே முழுநேர வகுப்பு தொடங்கினார்கள். வேலையை விட்டுவிட்டு இளம் தாய்மார்களும் தந்தையரும் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். அங்கே படித்தவர்களே பிறகு ஆசிரியர்களாயினர், வீட்டிலும் பேசத் தொடங்கினார்கள். எங்களுக்கு வான்மகளின் கதையைச் சொன்ன பெண் அப்படி வந்தவர். முப்பது வயதுக்கு மேல் இந்த மொழியில் முதல் வாக்கியம் பேசியவர், இன்று தன் பிள்ளைகளிடம் வேறு மொழியில் பேசுவதில்லை என்றார்.

அக்கா அவரிடம் துருவித் துருவிக் கேட்டார். வகுப்பில் எத்தனை பேர், சம்பளத்துக்கு என்ன வழி, முதல் மாதம் என்ன சொல்லிக்கொடுப்பார்கள், வெட்கம் எப்போது போகும். அக்காவின் மகளுக்கு வயது இருபத்தாறு. தமிழ் எல்லாம் விளங்கும், பதில் பிரெஞ்சில்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு மணி நேரம் சிறுவர்களுக்கு மட்டுமே. வளர்ந்து, பிள்ளை பெற்று, கூச்சத்தோடு ஒதுங்கி நிற்பவர்களுக்கு அங்கே பெஞ்சு கிடையாது.

திரும்பும் வழியில் பாலத்தில் நெரிசல். அக்கா கைப்பேசியை என்னிடம் கொடுத்து, தான் சொல்லச் சொல்லப் பெயர்களைக் குறித்துவைக்கச் சொன்னார். மகளோடு படித்த பெண்கள், இப்போது கைக்குழந்தை வைத்திருப்பவர்கள். ஐந்து பெயர் சொன்னார். "இவளவைக்குத்தான் முதல்ல வகுப்பு வைக்கோணும் தம்பி. புள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வரட்டும். எங்கட குசினியிலயே வைப்பம்" என்றார்.